கார் இல்லாத வீடு: ஒரு கிழமைக் குறிப்பு

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோது, வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டிலும் ஒரு கேள்வி எழுந்தது. “நாங்களும் ஒரு கார் எடுப்போமா?” என்று உம்மா கேட்டார்.

எம்மிடம் முன்னர் ஒரு கார் இருந்தது. 2022இல், எரிபொருளுக்காக வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், வாப்பா அதை விற்றுவிட்டார். 2020 முதல் இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய வாகனத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. நானாவின் படிப்புச் செலவுக்கு அந்தப் பணமே உதவியது.

வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. “ஒரு கிழமைக்கு நாங்க எல்லாரும் எங்க போறோம், எதுல போறோம் என்று எழுதி வைங்க மகள். பிறகு பேசுவோம்” என்று என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார்.

கிழமை முடிவில் கொப்பியைப் பார்த்தபோது, எமது பயணங்களில் பாதிக்கு மேல் நடையாகவே இருந்தன. சந்தை, மருந்துக்கடை, தையற்கடை, 57ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் யாவும் நடை தூரத்தில் உள்ளன. வாப்பா சீசன் டிக்கட்டுடன் புகையிரதத்தில் கோட்டைக்குப் போகிறார். நான் காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ்ஸில் பாடசாலைக்கு வருகிறேன்.

இது தற்செயலாக அமைந்த வசதியன்று. 1870களில் கரையோரப் புகையிரதப் பாதை தெற்கே நீண்டது. அதன் நிலையங்களை ஒட்டி ஊர்கள் வளர்ந்தன. 1899இல் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. கிராண்ட்பாஸில் பிறந்த என் உம்மும்மா, 1960இல் அவை நிறுத்தப்படும்வரை அவற்றில் போனவர். தனியார் கம்பனிகளிடமிருந்த பஸ் சேவை 1958 ஜனவரி 1ஆம் திகதி அரசுடைமையானது. கார் வைத்திருப்போர் மிகச் சிலராக இருந்த காலத்தில், நடப்பவருக்கும் பொது வண்டியில் போவோருக்கும் ஏற்றவாறு உருவான நகரம் இது.

ஆனால் கொப்பியில் சிரமங்களும் பதிவாகின. கொட்டாஞ்சேனையில் நடந்த கலியாணத்துக்குச் சாமான்களுடன் போகவும், இரவில் தம்பிக்குக் காய்ச்சல் கூடியபோதும் முச்சக்கர வண்டியே கை கொடுத்தது. நெரிசலான பஸ்ஸில் பெண் பிள்ளைகள் படும் சங்கடத்தையும் மறைக்க முடியாது. உம்மா கார் கேட்டதன் உண்மையான காரணம் அதுதான். இப்போது பக்கத்து ஒழுங்கைத் தோழியர் இருவருடன் சேர்ந்து, நெரிசலுக்கு முன்பே புறப்படுகிறேன். சிரமம் குறைந்தது, பிரச்சினை தீரவில்லை. பாதுகாப்பான பஸ்ஸைக் கேட்பது எமது உரிமை.

கொப்பியில் உம்மும்மாவின் பக்கம் மாத்திரம் வெறுமையாக இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் அவர் எங்குமே போகவில்லை. கார் இருந்தால் போவீர்களா என்று கேட்டேன்.

“எனக்குக் காரு வேணாம் மகள். நடக்க எடம் இருந்தாப் போதும்” என்றார்.

மறுநாள் அவரைக் கைபிடித்து கடற்கரைப் பக்கம் அழைத்துச் சென்றேன். நடைபாதையில் வரிசையாகக் கார்கள் நின்றன. ஒவ்வொரு காரையும் சுற்றிக்கொண்டு, ஓடும் வாகனங்களுக்கு நடுவே வீதியில் இறங்க வேண்டியிருந்தது. பாதி வழியில் திரும்பிவிட்டோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். கல்லையும் முள்ளையும் நினைத்துத்தான் நான் அதைப் படித்தேன். அன்று முதன்முறையாகக் கார்களை நினைத்தேன்.

சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு, 1990 முதல், பத்தாண்டுகளுக்கான உரிமத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும். அங்கு கார் இல்லாத குடும்பங்கள் முடங்கிவிடவில்லை. ரயிலும் பஸ்ஸும் நல்ல நடைபாதையும் அவர்களுக்கு இருக்கின்றன. காரைக் குறைக்க விரும்பும் நகரம் முதலில் இவற்றைத் தர வேண்டும் என்பதே நமக்கு அதிலுள்ள பாடம்.

எங்கள் வீட்டில் கார் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. முச்சக்கர வண்டிக்கென மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்குகிறோம். அன்புப் பெற்றோரே, சகோதரிகளே, கார் வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். ஆனால் உங்கள் காரை நடைபாதையில் நிறுத்தும் முன்னர், அந்த வழியாக ஓர் உம்மும்மா நடந்து வரக்கூடும் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.