கற்பிக்கக் கற்றல்

கல்வி முழுமை பெறும் வகையைக் கூறப் புகுந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கினைத் தருகின்றார். ஆசிரியர் உரைத்ததைப் பொருந்தக் கேட்டுக் கொண்டவன் புலமையில் காற்பங்கே பெறுகின்றான். உடன் பயில்வாரோடு கலந்து பயில மற்றொரு காற்பங்கு சேர்கின்றது. எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே கைகூடுகின்றது. மாணாக்கர்க்குரிய அறிவுரையாகவே இதனை நாம் படித்து வருகின்றோம். ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கும் இதுவே முதற்பாடம் என்பது எம் கருத்து.

எடுத்துரைத்த அளவிலேயே அவ்வரைப்பங்கு வந்துவிடுமா? இவ்வினாவிற்கு விடை தேடச் சென்னை எழும்பூரின் பழைய வரலாறு ஒன்று துணை செய்கின்றது. படைவீரர்தம் ஆண்பிள்ளைகட்கென அங்கு அமைந்த ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789ஆம் ஆண்டு ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவன் செவ்வனே செய்து காட்டினான். மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறையைப் பெல் 1797இல் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை எனலாம்!

குறைந்த செலவில் பலருக்கு எழுத்தறிவித்த அம்முறையில் ஒரு குறை இருந்தது. சட்டாம்பிள்ளை தான் மனனம் செய்ததையே பிறர்க்கு மனனம் செய்வித்தான்; அவன் நல்லாசிரியனாக வளர்கின்றானா என்பது எவர் கவலையுமாக இல்லை. 1846இல் இங்கிலாந்து அரசு வேறு ஏற்பாடு செய்தது. பதின்மூன்று வயது நிரம்பியோர் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் பயிலுநராக இருந்து, கற்பித்துக்கொண்டே அவரிடம் பாடமும் கேட்டனர். கற்பிப்பவனையும் ஒருவர் கவனித்துத் திருத்த வேண்டும் என்னும் எண்ணம் இங்கே கால்கொண்டது.

1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய நுண்ணிலைக் கற்பித்தல் இவ்வெண்ணத்தைக் கூர்மைப்படுத்திற்று. நம் நாட்டில் பின்பற்றப்படும் வடிவில் ஒரு சுழற்சி முப்பத்தாறு மணித்துளிகள்: கற்பித்தலுக்கு ஆறு, பின்னூட்டத்திற்கு ஆறு, மறுதிட்டமிடலுக்குப் பன்னிரண்டு, மீண்டும் கற்பித்தலுக்கு ஆறு, மறுபின்னூட்டத்திற்கு ஆறு. கற்பித்தலைவிடத் திருத்திச் சிந்திப்பதற்கு இருமடங்கு நேரம் தந்திருப்பது நோக்கத்தக்கது. எனினும் அங்கு மாணவராக அமர்வோர் உடன் பயிலும் தோழர்களே. உண்மை வகுப்பறை அத்துணை எளிதன்று.

ஆரணியை எடுத்துக்கொள்வோம். பட்டுக்குப் பெயர் பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அன்று. பொன்னேரிக்கு அண்மையில் ஆரணியாற்றங்கரையில் உள்ள ஊர் இது. ஒருபால் ஆந்திர எல்லை. ஒருபால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும், பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத் தொழிலாளர்தம் பிள்ளைகளும் இப்பகுதிப் பள்ளிகளில் பயில்கின்றனர். இத்தகைய ஆறாம் வகுப்பொன்றில் லகர ளகர ழகர வேறுபாட்டைக் கற்பிக்கப் புகும் பயிற்சி ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பிள்ளை ஒன்று 'வாளைப்பளம்' என்று படிக்கின்றது. வகுப்பு நகைக்கின்றது. ஆசிரியர் உடனே தாமே சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் செல்கின்றார். அப்பிள்ளை அன்று மீண்டும் வாய் திறப்பதில்லை.

வகுப்பின் பின்னிருக்கையில் அமர்ந்த வழிகாட்டி ஆசிரியர் உற்றுநோக்கல் பதிவேட்டில், 'குரல்வளம் நன்று. கரும்பலகைப் பயன்பாடு போதாது' என்று எழுதிக் கையொப்பமிடுகின்றார் என்று கொள்வோம். இதனால் பயிற்சியாளர் மறுநாள் எதை மாற்றுவார்? கண்டதைக் கண்டவாறு எழுதியிருப்பின் நிலைமை வேறு: 'பதினொரு வினாக்கள் கேட்டீர்; ஒன்பதற்கு முன்னிருக்கையோரே விடையிறுத்தனர். தவறாகப் படித்த பிள்ளைக்குத் தானே திருத்திக்கொள்ள நேரம் தரவில்லை.' அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் வினாவிய பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பதைக் கண்டறிந்து, அதனை மூன்று நொடியாக நீட்டினால் மாணவர் விடைகள் நீள்கின்றன, வாய் திறவாதோரும் பேசத் தொடங்குகின்றனர் என்று எழுபதுகளில் எடுத்துக்காட்டினார். இரண்டு நொடிப் பொறுமையைப் பயிற்சியாளர் மறுநாளே கைக்கொள்ள முடியும்.

பின்னூட்டம் பதிவேட்டிலிருந்து மட்டும் வருவதன்று. அப்பிள்ளையிடம், 'உங்கள் வீட்டில் இதனை எப்படிச் சொல்வீர்கள்?' என்று பரிவுடன் கேட்டிருந்தால் ஆசிரியர் ஒன்றைக் கற்றிருப்பார். தெலுங்கில் ளகரம் உண்டு; ழகரம் இன்று வழக்கில் இல்லை. ஒடியாவிலும் ளகரம் உண்டு. பொது இந்தியில் இரண்டுமே இல்லை. ஆகவே பிள்ளையின் பிழை கவனக்குறைவு அன்று. தாய்மொழி காட்டிய வழி. பிழைக்கு நகையாத வகுப்பு பிள்ளைக்கு மட்டும் அரண் அன்று, தட்டுத் தடுமாறும் புதிய ஆசிரியர்க்கும் அரண். அஞ்சி வாய்மூடிய வகுப்பில் தம் பாடம் சென்று சேரவில்லை என்பதை அவர் அறியவே வழியில்லை.

நம் பயிற்சி முறையின் இடர் ஒன்றையும் கூறியாக வேண்டும். அறிவுரை கூறுபவரும் மதிப்பெண் இடுபவரும் பெரும்பாலும் ஒருவரே. மதிப்பெண் குறையும் என்னும் அச்சத்தால் பயிற்சியாளர் நன்கு பழகிய பாடத்தையே உற்றுநோக்கல் நாளுக்கென எடுத்து வைக்கின்றார். தடுமாறும் பாடம் எவர் கண்ணிலும் படுவதில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட். ஈராண்டுப் படிப்பாயிற்று, பள்ளிப் பயிற்சி இருபது வாரங்களாயிற்று. முதலாண்டில் வரும் நான்கு வாரங்களையேனும் மதிப்பெண்ணின்றி விட்டால் என்ன? திங்களன்று 'அ' பிரிவில் தடுமாறிய பாடத்தைச் செவ்வாயன்று 'ஆ' பிரிவில் திருத்திக் கற்பிக்கலாம். வாரம் ஒருநாள் வழிகாட்டி ஆசிரியர் பாடம் நடத்த, பயிற்சியாளர் பின்னிருக்கையில் அமர்ந்து அதே பதிவேட்டில் வினாக்களை எண்ணிக் குறிக்கலாம். இதற்குத் தனிச் செலவில்லை. இரு பிரிவுகளின் பாடவேளையைத் தலைமையாசிரியர் சற்றே மாற்றி அமைத்தால் போதும்.