தண்மையும் 'கூல்' என்னும் சொல்லும்

ஆங்கிலத்தில் 'கூல்', 'கோல்டு' என்னும் இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை. குளிர்ச்சியைக் குறித்த 'கூல்', பின்னர்ப் பதற்றமின்மையையும், 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஜாஸ் இசைஞர் வழியே பாராட்டையும் குறிக்கலாயிற்று.

நம் 'தண்' என்பதும் இவ்வாறே விரிந்தது. குளிர்ந்த நீர் தண்ணீர். குளிர்ந்த அருள் தண்ணளி. ஆயினும், 'தண்ணீர்' எல்லா நீருக்கும் பொதுப்பெயராகிவிடவே, இன்று 'சுடுதண்ணீர்' என்கிறோம்! சொல் நிலைத்தது, தண்மை மறைந்தது.

மல்லேஸ்வரத்தில் என் கன்னட அண்டைவீட்டாருக்கோ நீர் 'நீரு'; வெந்நீர் 'பிசிநீரு'; குளிர்ந்த நீர் மட்டுமே 'தண்ணீரு'. ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலை அளக்கும் நான், நாம் மறந்த பொருளை அவர்கள் பேச்சில் கண்டேன். நண்பர்களே, கன்னடம் கற்போம், தமிழும் தெளிவாகும்.