பாரை வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள்

கடையில் வரிசையாகத் தொங்கும் ஹேண்டில் பார்களில் எது எடுப்பாக இருக்கிறது என்று பார்த்துத்தான் நம்மில் பலர் வாங்குகிறோம். யாராவது என்னிடம் கேட்டால், முதலில் உங்கள் வண்டியின் கிளட்ச் கேபிளையும் முன் பிரேக் ஹோஸையும் பாருங்கள் என்பேன். பார் வெறும் குழாய்தான். ஆனால் கிளட்ச் கேபிள், ரேஸ் கேபிள், பிரேக் ஹோஸ், இரண்டு பக்க சுவிட்ச் வயர்கள் என்று ஒரு குடும்பமே அதை நம்பித் தொங்குகிறது. குழாய் இரண்டு இஞ்ச் உயர்ந்தால் அத்தனைக்கும் இரண்டு இஞ்ச் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதைப் புது பார் இல்லாமலே சோதித்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, டேங்க்மேல் கனமான துணி விரித்து, கிளாம்ப் போல்ட் நாலையும் கழற்றுங்கள். லிவர், சுவிட்ச் எதையும் பிரிக்க வேண்டாம். பழைய பாரை அப்படியே தூக்கி, நீங்கள் நினைத்த உயரத்துக்கு அடியில் கட்டை வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணன் எனக்குக் காட்டிக்கொடுத்த முறை இது. என் கிளாசிக் 350-இல் கட்டையை உயர்த்திக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வீணைக் கம்பி மாதிரி விறைத்திருந்தது. “இதுக்கு மேல போகோணும்னா ஹோஸ் மாத்தோணும் தம்பி, இல்லீன்னா இத்தோட நிறுத்திக்கோங்க” என்றார். நிறுத்திக்கொண்டேன். பெரும்பாலான வண்டிகளில் ஒரு இஞ்ச் உயரம்வரை பழைய கேபிளே தாங்கும். அதற்குமேல் ஆசைப்பட்டால் செலவு பாரோடு முடியாது. அதுவும் ஏபிஎஸ் வண்டி என்றால், முன் பிரேக் லைன் நேராகக் காலிப்பருக்குப் போகாமல் ஏபிஎஸ் யூனிட் வழியாகப் போகிறது. ஹோஸ் மாற்றி, புது செப்பு வாஷர் போட்டு, காற்று இல்லாமல் ஆயில் ஏற்றுவது பழகிய கைக்குத்தான் சரிவரும். அந்த ஆயில் ஒரு சொட்டு டேங்கில் விழுந்தாலும் பெயின்டைத் தின்றுவிடும்.

எதற்காக மாற்றுகிறோம் என்பதையும் நம்முடைய சாலைகளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எனக்குக் காரணம் தோள்பட்டை வலி. கை நீட்டிப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு ஒடியக் கூடாது. இந்த இரண்டும் அமைந்தால் உடம்புக்குப் பொருந்திய பார் என்று அர்த்தம். உயரமும் அகலமும் கூடக் கூட வசதி கூடும் என்பது கொங்குச் சீமையில் செல்லாது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பொள்ளாச்சி–உடுமலை சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். காற்றாலைகளை அந்தப் பக்கம் நட்டிருப்பது சும்மா இல்லை. உயர்ந்த, அகன்ற பாரில் நெஞ்சை நிமிர்த்திக் கை விரித்து உட்கார்ந்தால் மொத்தக் காற்றும் நம்மேல்தான் அடிக்கும். பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் கை இழுபடும், கையோடு முன்சக்கரமும் அசையும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அகலம் ஓரளவு உதவும், வண்டி லேசாகத் திரும்பும். ஆனால் மெதுவாக முழுக்க ஒடித்துத் திரும்பும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் போகிற அகலம் ஆபத்து. க்ளிப்-ஆன் போடுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். ஊட்டியிலிருந்து திரும்பி வரும் வழியில் பர்லியாறு வருவதற்குள் கை மரத்துவிடும்.

அளவு விஷயத்தில் பட்டறைக் கணக்கே போதும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் குழாய் ஏழு நூல், அதாவது 22.2 மில்லிமீட்டர். நடுவில் தடித்த பார் ஒன்பது நூல், 28.6 மில்லிமீட்டர், பிடிக்கும் இடத்தில் அதுவும் ஏழு நூலாக இளைத்துவிடும். ஏழு நூல் கிளாம்பில் அது உட்காராது, தனி கிளாம்ப் வேண்டும். அலுமினியம் என்று சொல்லி விற்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அலுமினியம் இல்லை. இரும்பு மட்டம் என்று சொல்லவில்லை; நல்ல கனமான இரும்புக் குழாய் மெல்லிய போலி அலுமினியத்தைவிட எவ்வளவோ மேல்.

மாட்டும்போது பலர் தடுமாறும் இடம் சுவிட்ச். அதன் உட்புறம் சிறு முளை ஒன்று இருக்கும். பாரில் உள்ள துளையில் அது உட்கார்ந்தால்தான் சுவிட்ச் சுற்றாமல் நிற்கும். வெளியே வாங்கும் பல பார்களில் துளை இருக்காது. முளையை ராவி எடுத்துவிட்டு மாட்டுவது சுலபம், ஆனால் ரேஸ் திருகும்போது சுவிட்ச் பெட்டியே சேர்ந்து சுற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, வண்டியில் உட்கார்ந்து, கைக்கு வாகான இடத்தில் பென்சிலால் குறித்து, முளையின் அளவுக்கே துளை போடுங்கள். வளைவிலும் கிளாம்புக்குப் பக்கத்திலும் துளை வேண்டாம், உடைந்தால் அங்கேதான் உடையும். கிரிப்பைக் கழற்றக் கத்தி வேண்டியதில்லை. கம்ப்ரசர் காற்றை ஓரத்தில் பிடித்தால் தானாக வழுக்கி வரும். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெயும் கிரீஸும் கிட்டவே வரக் கூடாது.

முடித்ததும் செய்ய வேண்டிய சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்புங்கள். சத்தம் துளி ஏறினாலும் ரேஸ் கேபிள் எங்கோ இழுபடுகிறது. நடுரோட்டில் யூ-டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாய்வது இதனால்தான். எந்தக் கோணத்திலும் ரேஸை விட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். முழுக்க ஒடித்த நிலையில் கட்டைவிரல் டேங்குக்கும் பாருக்கும் நடுவே நசுங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு பெரிய வசதி, லேத். ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைச் சம்பாதித்து வாங்கிப் பிரித்துப் பார்த்த ஊர் இது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு பட்டறை. பார் முனையில் மாட்டும் எடைக்கட்டையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்கினேன். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு உள்ளங்கைக்கு வருவது நன்றாகவே குறைந்தது. எடைக்கட்டை, ஸ்பேசர் வரை லேத்தை நம்பலாம். ஆனால் பாரை வெட்டி வெல்டிங் வைத்துத் தரச் சொல்லாதீர்கள். வளைந்த பாரைச் சூடுகாட்டி நிமிர்த்தவும் வேண்டாம். அது வேலைக்காரரின் திறமையைப் பற்றிய சந்தேகம் இல்லை; வெல்டிங்கை ஒட்டிய உலோகம் பலம் மாறிவிடும், விரிசல் வெளியே தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அளவு மீறிய உயரமும் அகலமும் வேண்டாம். மிரர் இரண்டையும் மாட்டியே ஓட்டுங்கள். எந்த மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

புது பாரோடு நேராக மலை ஏறாதீர்கள். அவிநாசி ரோட்டில் ஒரு நடை போய்வந்து, சூலூர்ப் பக்கம் கொஞ்சம் ஓட்டி, 100 கிலோமீட்டர் ஆனதும் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், ஒன்றாவது அசையும். கழற்றிய பழைய பாரையும் அதன் போல்ட்டுகளையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவையுங்கள். வண்டியை விற்கும் அன்று வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.