பத்து மீட்டர் துப்பாக்கி சுடுதல்: மத்தூரில் தொடங்கி சர்வதேசக் களம் வரை

சர்வதேசப் போட்டிகளில் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் இரண்டையும் 10 மீட்டர் தூரத்தில் நின்றபடி சுடுகிறார்கள். இரண்டிலும் 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட்தான். ஒற்றுமை அதோடு சரி. ரைஃபிள் இலக்கின் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி, பிஸ்டலுக்கு 11.5 மில்லிமீட்டர். ரைஃபிள் 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். அதன் வரம்பு 1.5 கிலோ. இரண்டில் எது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் அரைகுறையாகப் பழகுவது வீண்.

அடுத்தது இடம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூர்ப் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை. காலியாகக் கிடக்கும் மாங்காய் ஷெட்டோ நீளமான தாழ்வாரமோ போதும். சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து இலக்கின் முகம் வரை டேப் பிடித்து 10 மீட்டர் அளக்க வேண்டும். இலக்கின் மையம் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் கெட்டிச் சுவரும், பெல்லட் தெறிக்காமல் கீழே விழும்படி சாய்த்து வைத்த தகடு கொண்ட இரும்புப் பெட்டியும் அவசியம். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். இலக்குப் பக்கத்துக் கதவைப் பூட்டாமல் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது. சிறுவர்கள் பழகும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஈயம் நஞ்சு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.

துப்பாக்கி வாங்க அவசரம் வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லைதான். ஆனால் போட்டித் துப்பாக்கி லட்சங்களில் விலை போகிறது. முதல் சில மாதங்களுக்கு ரைஃபிள் கிளப்பின் துப்பாக்கியே போதும்.

உண்மையான பயிற்சி குண்டில்லாமல் நடப்பது. குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்து, குறி பார்த்து, டிரிகரை மெல்ல அழுத்த வேண்டும். நாணயம் விழுந்தால் விரல் வெடுக்கென்று இழுத்திருக்கிறது என்று பொருள். டிரிகர் விட்ட பிறகும் இரண்டு மூன்று விநாடி குறி மாறாமல் நிற்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் இப்படிப் பழகினால் பிஸ்டன் கெட்டுவிடும். குண்டில்லாமல் டிரிகரை மட்டும் அழுத்தும் வசதி உள்ள போட்டித் துப்பாக்கியில்தான் இதைச் செய்ய வேண்டும்.

கை ஓரளவு நிலைத்ததும் கிளப் வழியாகத் தமிழ்நாடு துப்பாக்கி சுடுதல் சங்கத்தின் போட்டிகளில் இறங்கலாம். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் பயிற்சி பெறுவது பலருக்குத் தோது. ஆனாலும் எந்த மாநிலத்துக்காகச் சுடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மாநிலப் போட்டிக்குப் பிறகு தகுதிப் புள்ளி எடுத்தவர்களுக்குத் தேசியப் போட்டி. அதற்கு மேல் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்தும் தேர்வுச் சுற்றுகள். இந்திய அணிக்கு வேறு வாசல் கிடையாது.

போட்டியன்று முதலில் கருவிச் சோதனை. துப்பாக்கியின் எடை, ரைஃபிள் வீரரின் ஜாக்கெட் தடிமன், பிஸ்டல் டிரிகர் 500 கிராம் எடையைத் தாங்குகிறதா என்பது எல்லாம் பார்ப்பார்கள். காற்று உருளையின் ஆயுள் பத்தாண்டு. அது கடந்திருந்தால் சிக்கல். 15 நிமிடம் தயாரிப்பும் சோதனைச் சுடுதலும், பிறகு 75 நிமிடத்தில் 60 குண்டு. முதல் எட்டுப் பேருக்கு இறுதிச் சுற்று.

ரைஃபிளில் தசமக் கணக்கு. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 எடுத்தார். குண்டுக்குச் சராசரி 10.5. அதற்குக் கிடைத்தது பத்தாம் இடம். இறுதிச் சுற்று கிட்டவில்லை. பிஸ்டலில் முழு எண் கணக்கு, மொத்தம் 600. அதே பாரிஸில் இந்தியாவின் சரப்ஜோத் சிங் எடுத்த 577, எட்டாம் இடத்தவரின் புள்ளியேதான். பத்தாம் வளையத்துக்குள் இருக்கும் உள்வளையத்தில் பட்ட குண்டு ஒன்று குறைந்ததால் அவர் ஒன்பதாமிடத்தோடு வெளியேறினார். மூன்று நாள் கழித்து மனு பாக்கருடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார்.