வாடகையும் கால அளவும்

வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாதாமாதம் இருப்பவருக்கு 8,000 ரூபாய், ஓராண்டுக்குப் பேசுபவருக்கு மாதம் 7,000. மூன்று லட்சம் ஒத்திப் பணம் தந்தால் வாடகையே வேண்டாம். இம்மூன்றும் மார்க்கத்தில் கூடுமா?"

முதல் இரண்டும் கூடும். மூன்றாவது கூடாது.

வாடகை ஒப்பந்தத்தை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்கின்றன. பொருளின் பயனை விற்பதே அது. ஆகவே வாடகையும் காலமும் இரு தரப்பாருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் பெரியவர் மூஸா (அலை) அவர்களிடம் எட்டு ஆண்டுகள் என்று வரையறுத்தே வேலை பேசினார். மேலும் இரண்டு ஆண்டுகளை அவர்கள் விருப்பத்துக்கு விட்டார்.

நீண்ட காலம் இருப்பவருக்கு வாடகையைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டு கணக்கையும் சொல்லிவிட்டு, ஒன்றை முடிவு செய்யாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. ஒரே வியாபாரத்தில் இரு வியாபாரங்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை கூறி, எதையும் உறுதி செய்யாமல் பிரிவதே அது என்ற விளக்கத்தை இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியுள்ளார்கள். வாடகைக்கும் இதே நியாயம்தான்.

காலம் குறிப்பிடாமல் 'மாதம் இவ்வளவு' என்று மட்டும் பேசினால்? ஹனஃபி மத்ஹபில் முதல் மாதத்துக்கு ஒப்பந்தம் செல்லும். அடுத்த மாதம் தொடங்கியும் குடியிருந்தால் அம்மாதத்துக்கும் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. எனவே 'இத்தனை மாதங்களுக்கு' என்று சொல்லிவிடுவதே பேணுதல்.

ஓராண்டுக்குப் பேசியவர் நான்காம் மாதமே புறப்பட்டால், கழிந்த மாதங்களுக்கு 8,000 வீதம் திருப்பிக் கணக்கிடக் கூடாது. பேசியது 7,000 தான். அதேபோல் ஆண்டின் நடுவில் வாடகையை உயர்த்தவும் உரிமையில்லை. இரண்டாம் ஆண்டுக்குக் கூடுதல் வேண்டுமாயின் தொடக்கத்திலேயே தொகையைச் சொல்லிவிடலாம்.

இனி மூன்றாவது. திருப்பித் தரவேண்டிய ஒத்திப் பணம், பெயர் எதுவாயினும், கடனே. கடன் கொடுத்ததற்காக வாடகையின்றிக் குடியிருப்பது கடனால் கிடைக்கும் ஆதாயம், அது வட்டியாகும். முன்பணம் கூடக்கூட வாடகையைக் குறைப்பதும் இவ்வகையே. ஓராண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொண்டு குறைத்துப் பேசினால் அது கூடும். ஏனெனில் அப்பணம் திரும்பாது, அதுவே வாடகை.

சகோதரர் ஒத்தியைக் கைவிட்டு ஓராண்டு வாடகைக்கே பேசி முடித்தார். நம் இல்லங்களுக்குள் வட்டி நுழையாமல் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.