மின்னூட்டம் குடியிருக்கும் இடம்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி உயரமுடையது. அதன் உச்சியில் உலோகக் கலசங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து கடற்கரை நோக்கிச் சென்றால், 1896-இல் எழுந்த சாந்தோம் பேராலயத்தின் ஊசிக் கோபுரம் தோன்றும். ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலின் மினாராக்களும் அவ்வாறே வானோக்கிக் கூர்ந்து நிற்பவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்னல் வெட்டும்போது இவற்றைக் காணும் மாணவர், “கலசம் என்பதே இடிதாங்கிதானே ஐயா?” என்று வினவுவதுண்டு. ஆம் என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். அவ்விடை பாதியே சரி. மறுபாதியை அறிய, மின்னூட்டம் ஒரு கடத்தியில் எங்ஙனம் பரவி நிலைகொள்கிறது என்பதைக் காணவேண்டும்.

ஒரு செப்புருண்டைக்கு மின்னூட்டம் தருவதாகக் கொள்வோம். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். கடத்தியினுள் அவை தடையின்றி நகரவும் வல்லவை. உள்ளே சிறிதளவு மின்புலம் எஞ்சினாலும் அது மின்னூட்டத்தைத் தள்ளும், நகர்வு தொடரும். ஆகவே நகர்வு நின்று சமநிலை எய்தியது என்றாலே, உள்ளே மின்புலம் சுழியாயிற்று என்பது பொருள். மின்புலம் எங்கும் சுழியான பகுதியில் நிகர மின்னூட்டம் இருத்தல் இயலாது என்பது காஸ் விதி. எனவே நாம் தந்த மின்னூட்டம் முழுவதும் புறப்பரப்பிற்கே வந்து சேர்கிறது. செம்பில் இது நிகழும் காலம், கண்ணிமைக்கும் நேரத்தின் கோடியில் ஒரு கூறினும் குறைவு.

1836-இல் மைக்கேல் ஃபாரடே இலண்டனில் பக்கத்திற்கு 12 அடி அளவுடைய ஒரு கூண்டு செய்து, அதனைக் கம்பியாலும் உலோகத் தாளாலும் போர்த்தினார். வெளிப்புறத்திலிருந்து பொறிகள் பறக்குமளவு மின்னூட்டினார். தாமே மின்காட்டியுடன் உள்ளே அமர்ந்தார். அக்கருவி சற்றும் அசையவில்லை.

புறப்பரப்பிற்கு வந்த மின்னூட்டம் அங்கே சீராகப் பரவுமா? தனித்த உருண்டையாயின் பரவும். மற்ற வடிவங்களில் பரவாது. தேர்வுத்தாளில் பலர் வழுக்கும் இடம் இது: மின்னழுத்தம் எங்கும் சமம், ஆதலின் மின்னூட்ட அடர்த்தியும் சமம் என்று எழுதிவிடுகின்றனர். 10 செ.மீ. ஆரமுள்ள கோளத்தையும் 1 செ.மீ. ஆரமுள்ள கோளத்தையும் தொலைவில் வைத்து, நீண்ட கம்பியால் இணைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் சமமாவதற்குப் பெரிய கோளம் பத்து மடங்கு மின்னூட்டம் கொள்ளும். ஆனால் அதன் பரப்போ நூறு மடங்கு! ஆதலால் சிறு கோளத்தின் மேல்தான் அடர்த்தி பத்து மடங்கு மிகும். வெளிநோக்கி நீண்ட கூர்முனை என்பது மிகச் சிறிய கோளம் போன்றது. உட்குழிந்த மூலையோ ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கும்.

அடர்த்தி மிகுந்தால் அருகிலுள்ள மின்புலமும் மிகும். அது மீட்டருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட்டை எட்டும்போது உலர்ந்த காற்றே காப்புத்தன்மை இழந்து மின்னைக் கடத்தத் தொடங்கும். உயர் மின்னழுத்த ஆய்வகங்களில் முனையங்கள் வழவழப்பாக உருண்டிருப்பது இதனைத் தவிர்க்கவே. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களிலோ, சேரும் மின்னூட்டம் கசிந்து ஒழியட்டும் என்று சிறகின் பின்விளிம்பில் மெல்லிய குச்சிகளை வேண்டுமென்றே பொருத்துகின்றனர்.

இனிக் கலசத்திற்கு வருவோம். மின்னூட்டமுற்ற மேகம் மேலே நிற்க, கீழே உயர்ந்த முனைகளில் எதிர் மின்னூட்டம் தூண்டப்பட்டுத் திரள்கிறது. அம்முனையிலிருந்து எழும் பொறி, மேகத்திலிருந்து இறங்கும் மின்னலை எதிர்கொள்கிறது. கூர்முனை மேகத்தின் மின்னூட்டத்தை ஓசையின்றி வடித்துவிடும் எனப் பெஞ்சமின் பிராங்க்ளின் எதிர்பார்த்தார். அவ்வாறு வடிவது மிகச் சிறிதே. முனையின் பணி மின்னலைத் தன்பால் ஏற்பது. ஏற்ற பின்னர் அது செல்ல வழி வேண்டும். சுமார் 30,000 ஆம்பியர் மின்னோட்டம் தடித்த உலோகப் பட்டை வழியே நிலத்தில் புதைத்த தகட்டை அடைந்தால் கட்டடம் பிழைக்கும். பட்டை இல்லையேல் அது செங்கல், சுண்ணாம்பு வழியே பாயும். உள்ளிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும். நிலத்தோடு இணைக்கப்படாத முனை, கலசமாயினும் சிலுவையாயினும் பிறையாயினும், மின்னலை அழைக்குமேயன்றித் தாங்காது. ‘இடிதாங்கி’ என்ற நம் சொல்லில் தாங்குதலே முதன்மை பெற்றிருப்பது எனக்கு மிகப் பிடித்தமானது.

கட்டடம் இருக்கட்டும், எலியட்சு கடற்கரையில் மழையில் சிக்கிய மாணவர் என் செய்வார்? தனிமரத்தடி ஆகாது, திறந்த மணல்வெளியில் நெடிதாய் நிற்பதும் ஆகாது. உலோகக் கூரையும் உலோகச் சுவரும் உடைய பேருந்தில் ஏறி, சாளரங்களை மூடி, கம்பிகளைத் தொடாது அமர்வது நலம். மின்னல் தாக்கினும் மின்னோட்டம் புறக்கூட்டின் வழியே நிலத்தை அடையும். காப்பது ஃபாரடேயின் கூண்டே, பலர் எண்ணுவதுபோல் இரப்பர்ச் சக்கரங்கள் அல்ல. ஆட்டோவில் ஏறிவிட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். அதற்கு மேலே துணிக்கூரை. பக்கங்களோ திறந்த வெளி.