நீர் வகுத்த வழி

நுழையும்முன்

குடும்பத்தோடு நடந்து மகிழவும் மிதிவண்டியில் உலாவரவும் தொலைவிலுள்ள மலைவாழிடங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர் ஏரிக்கரையே அதற்கு ஏற்ற இடமாகும். அக்கரை நடப்பதற்கு எளிதாய் அமைந்ததற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தையும் அங்குச் செல்வோரின் கடமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒதியம்பட்டிலிருந்து ஊசுட்டேரிக்கு

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் அமைந்த சிற்றூர் ஒதியம்பட்டு. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, இவ்வட்டாரத்தின் வயல்களை வளப்படுத்தி, திருக்காஞ்சியைக் கடந்து வங்கக் கடலில் கலக்கிறது. ஒதியம்பட்டிலிருந்து புறப்பட்டு, வில்லியனூரைக் கடந்து வடதிசையில் சில கிலோமீட்டர் சென்றால் ஊசுட்டேரி கண்ணுக்குப் புலப்படும். புதுச்சேரிப் பகுதியின் மிகப்பெரிய ஏரி இதுவே. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புடைய இதன் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. சங்கராபரணியின் வெள்ளநீர் சுத்துக்கேணிக் கால்வாய் வழியாக இவ்வேரியை வந்தடைகிறது.

இப்பயணத்தில் மூச்சு வாங்கச் செய்யும் ஏற்றம் இல்லை. அஞ்சத்தக்க இறக்கமும் இல்லை. சிறுவரும் முதியவரும் தத்தம் விரைவுக்கேற்பச் செல்லலாம். ஒருபுறம் நீர்ப்பரப்பு, மறுபுறம் பசிய நிலம், இடையே நீண்டு கிடக்கும் கரை என விரியும் இக்காட்சி மருதநிலத்தின் இயல்பை விளக்கும் திறந்த நூலாகும்.

கரை சமமாய் இருப்பது ஏன்?

தேங்கிய நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே அதனைத் தாங்கும் கரையும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு முழம் தாழ்ந்தாலும் பெருமழையின்போது நீர் அவ்விடத்தில் வழிந்து, மண்ணை அரித்துக் கரையை உடைத்துவிடும். மிகுந்து வரும் நீர் கரையைத் தாண்டாமல் வெளியேறக் கலிங்கு அமைத்தனர். பாசனத்திற்கு வேண்டிய நீரை அளவோடு திறந்துவிட மதகு அமைத்தனர். கால்வாய்களும் அவ்வாறே. நீர் தேங்காமலும் மண்ணை அரிக்காமலும் ஓடுவதற்கு மிக மெல்லிய சரிவே அவற்றிற்கு ஏற்றது. நீருக்காக வகுக்கப்பட்ட இம்மட்டமே இன்று நம் கால்களுக்கும் மிதிவண்டிக்கும் இனிய வழியாகிறது. நாம் எளிதெனக் கருதி நடக்கும் கரை, முன்னோர் கூடை கூடையாய் மண் சுமந்த உழைப்பின் பயனாகும்.

நடையே காவல்

பண்டு ஏரிக்கரையில் நடப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது காவல் பணியுமாகும். மழைக்காலத்தில் ஊரார் கரைமீது நடந்து நண்டுவளை, எலிவளை, நீர்க்கசிவு ஆகியவற்றைக் கண்டறிந்து அடைத்தனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிகளைப் பேணுவதற்கு ‘ஏரி வாரியம்’ என்னும் தனிக்குழு இருந்ததைக் கூறுகின்றன. ஏரியைக் காத்தல் ஊராட்சியின் தலையாய பணிகளுள் ஒன்றாய் விளங்கியது.

மக்களின் கண் அகன்ற ஏரி எளிதில் மறையும். சென்னையில் மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த பேரேரி, 1920களில் தியாகராய நகர் உருவானபோது தூர்க்கப்பட்டது. இன்று அவ்வேரியின் நினைவாக எஞ்சியிருப்பவை ‘ஏரிக்கரைச் சாலை’ போன்ற பெயர்களே. கரை இல்லை, நீர் இல்லை, பெயர் மட்டும் உண்டு. நடந்து காண்போர் உள்ள ஏரியில் குப்பை கொட்டினாலும் கரையை வெட்டினாலும் கேட்பதற்கு ஒரு குரல் எழும். ஆதலால், ஏரிக்குச் செல்வது ஏரிக்கு நாம் செய்யும் உதவியுமாகும்.

வலசை வரும் விருந்தினர்

நாரையையும் கம்புளையும் குருகையும் தமிழ் மரபு மருதநிலத்தின் கருப்பொருளாக வைத்துப் போற்றியது. ஊசுட்டேரியில் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா முதலியவற்றைக் காணலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் வடபுலத்திலிருந்து வலசை வருகின்றன. 2008ஆம் ஆண்டில் புதுச்சேரி அரசு தன் எல்லைக்குட்பட்ட பகுதியைப் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது.

இங்கு நம் மகிழ்ச்சியும் பறவைகளின் நலனும் ஒன்றோடொன்று மோத நேர்கிறது. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவை, திரும்பிச் செல்வதற்கு வேண்டிய கொழுப்பை இங்கு உண்டே சேர்க்கிறது. படம் எடுக்கும் ஆவலில் நாம் நெருங்கும்போது, அது அஞ்சி எழுந்து பறக்கிறது. சேர்த்த ஆற்றல் வீணாகிறது. மேயும் பொழுதும் குறைகிறது. ஒருவர் செய்தால் சிறு தொல்லை. நாள்தோறும் நூற்றுவர் செய்தால் அப்பறவை மறு ஆண்டு வேறிடம் தேடும். மக்கள் வாராவிடின் ஏரி மறக்கப்படும். முறையின்றி வரின் ஏரி வறிதாகும். ஆகவே, செல்லாமை தீர்வன்று. செல்லும் முறையறிந்து செல்வதே தீர்வாகும்.

செல்லும் முறை

மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுது பறவை காண ஏற்றது. வெண்மையும் பளிச்சிடும் வண்ணமும் தவிர்த்து, மண்ணின் நிறத்தை ஒத்த ஆடை அணிதல் நன்று. ஊர்தியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடக்கலாம்; மிதிவண்டி ஓசையெழுப்பாது செல்லும். பறவை தலையை உயர்த்தி நம்மை நோக்கினால், அதுவே நாம் நிற்க வேண்டிய எல்லை என உணர்தல் வேண்டும். கொண்டு சென்ற நெகிழிப்பையும் புட்டியும் நம்மோடு வீடு திரும்ப வேண்டும். வனத்துறை விதித்த எல்லைகளை மீறுதல் கூடாது.

முன்னோர் நீருக்காகக் கரை அமைத்தனர். நீரை நாடிப் பறவைகள் வந்தன. இரண்டையும் நாடி நாம் செல்கிறோம். இறுதியாக வந்த நாம், முன்னர் வந்தோர்க்கு இடம் விட்டு நடப்பதே பண்பாகும்.

தெரியுமா?

உழவுக்கு நீர் தருவது ஏரி. ஊரார் உண்ணும் நீரைத் தருவது ஊருணி. தாங்கல், ஏந்தல் என்பனவும் நீர்நிலைகளைக் குறிக்கும் பெயர்களே. ஒதியம்பட்டு என்னும் ஊர்ப்பெயர் ஒதிய மரத்தை நினைவூட்டுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் ஏரியின் கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றின் இன்றைய நிலையை நேரில் கண்டு, குறிப்பு எழுதுக.

2. ‘ஏரிகளைச் சுற்றுலா இடங்களாக்குவது நன்றா, தீதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.